கேஜ் முள் சொல்லாதவை

சிலிண்டர் தொழிலில் நெடுங்காலம் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. எந்தச் சிலிண்டர் பக்கம் போனாலும் கண் முதலில் கேஜ் முள்ளைத்தான் தேடும். முள் மேலே நின்றால் சரக்கு இருக்கிறது, கீழே இறங்கினால் வண்டிக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. இந்தப் பழக்கத்தை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஆக்சிஜன். அதைப் பொறுத்தவரை முள் பொய் சொல்லாது. ஆஸ்பத்திரிகளிலும் பட்டறைகளிலும் நிற்கும் பெரிய சிலிண்டரின் கொள்ளளவு 46.7 லிட்டர். 150 பார் அழுத்தத்தில் அதில் ஆக்சிஜனை அடைக்கிறார்கள். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 7,000 லிட்டர். வியாபாரத்தில் எல்லோர் வாயிலும் வரும் 7 கன மீட்டர் இதுதான். முள் 75-இல் நின்றால் பாதி மிச்சம். நிமிடத்துக்கு 10 லிட்டர் தேவைப்படும் நோயாளிக்கு நிறைந்த சிலிண்டர் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். இதற்குக் காகிதமும் பேனாவும்கூட வேண்டாம். இவ்வளவு ஒழுங்கான வாயுவோடு பழகிய நாங்கள் அதே நம்பிக்கையை மற்ற வாயுக்கள் மேலும் வைத்துவிடுகிறோம். இந்தத் தொழிலில் நடக்கும் வீண் செலவுகளிலும் விபத்துகளிலும் பல அங்கிருந்துதான் கிளம்புகின்றன என்பது என் முடிவு. அழுத்தம் ஒரு வாயுவைப் பற்றிய பாதிச் செய்தி மட்டுமே. நம் ஊர் வெப்பத்தில் அந்த வாயு எப்படி நடந்துகொள்ளும் என்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதி, வால்வைத் திறக்கும் ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விஞ்ஞானமே இந்தப் பாடத்தைக் கற்க இருநூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அழுத்தம் கூடினால் கன அளவு குறையும் என்பதை 1662-இல் ராபர்ட் பாயில் காட்டினார். வெப்பநிலையின் பங்கை 1802-இல் கே-லூசாக் எழுதினார். இரண்டையும் இணைத்துப் பள்ளியில் சொல்லித்தரும் வாயு விதி, எல்லா வாயுவும் ஒரே குணம் கொண்டவை என்ற எண்ணத்தை மனத்தில் பதித்துவிடுகிறது. 1823-இல் ஃபாரடே குளோரினைத் திரவமாக்கினார். அதைத் தொடர்ந்து பல வாயுக்கள் அழுத்தத்துக்கு அடங்கின. ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் போன்ற சில மட்டும் அடங்கவில்லை. வியன்னாவில் நாட்டரர் என்பவர் வளிமண்டலத்தைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு அழுத்தம் கொடுத்தும் அவை அசையவில்லை. இவற்றைத் திரவமாக்கவே முடியாது என்று பலரும் நம்பினார்கள். கோளாறு அழுத்தத்தை மட்டும் நம்பிய முறையில் இருந்தது. பெல்ஃபாஸ்ட் நகரில் தாமஸ் ஆண்ட்ரூஸ் கார்பன் டை ஆக்சைடை வைத்துச் செய்த சோதனைகளை 1869-இல் வெளியிட்ட பிறகுதான் விஷயம் தெளிந்தது. ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு நிலைமாறு வெப்பநிலை உண்டு. அதற்கு மேலே எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது, கீழே வந்துவிட்டால் அழுத்தத்துக்கு அடங்கும். ஆக்சிஜனுக்கு அது மைனஸ் 118 டிகிரி செல்சியஸ், நைட்ரஜனுக்கு மைனஸ் 147. கார்பன் டை ஆக்சைடுக்கு 31 டிகிரி, மயக்க மருந்தாகப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடுக்கு 36 டிகிரி. ஆக்சிஜனின் எல்லை நம் ஊர் வெப்பத்துக்கு வெகு கீழே கிடப்பதால் அது பாயில் சொன்னபடி நடக்கிறது. கார்பன் டை ஆக்சைடின் எல்லையோ நம் ஊர் விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் நடுவில் வந்து விழுகிறது.

அதன் விளைவை மிக் வெல்டிங் நடக்கும் எந்தப் பட்டறையிலும் பார்க்கலாம். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் 46.7 லிட்டர் கொள்ளளவுக்குச் சுமார் 30 கிலோதான் நிரப்புவார்கள். விடியற்காலை 27 டிகிரியில் அதில் பெரும்பகுதி திரவமாக இருக்கும், முள் ஏறத்தாழ 67 பாரில் நிற்கும். பாதி தீர்ந்த சிலிண்டரிலும் அந்த நேரத்தில் முள் அதே 67-இல்தான் நிற்கும். உள்ளே திரவம் மிச்சமிருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை, சரக்கின் அளவு கிடையாது. பிற்பகலில் தகரக் கொட்டகைக்குள் வெப்பம் 40 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. அப்போது நிறைந்த சிலிண்டரில் திரவம், ஆவி என்ற பிரிவே இல்லாமல் போய், முள் 100 பாரை எட்டிவிடும். பாதி தீர்ந்த சிலிண்டர் 80 பாருக்கு மேல் காட்டும். அதாவது, நிறைந்த சிலிண்டர் காலையில் காட்டியதைவிடப் பாதிச் சிலிண்டர் மதியத்தில் அதிகம் காட்டுகிறது. முள்ளைப் பார்த்துச் சரக்கை மதிப்பிட்டவர் காலையிலும் ஏமாறுவார், மதியத்திலும் ஏமாறுவார். தராசில் ஏற்றி, சிலிண்டரின் தோளில் குத்தியிருக்கும் காலி எடையைக் கழித்தால் விடை ஒரு நிமிடத்தில் வந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானில் கேஜே வைக்காமல், எடை போட்டுச் சோதிக்கும் முறையை வைத்திருப்பதும் இதனால்தான்.

அதே சிலிண்டரின் ரெகுலேட்டரில் இன்னொரு பாடம் இருக்கிறது. அதிக அழுத்தத்திலிருந்து குறைந்த அழுத்தத்துக்கு வாயு விரியும்போது கார்பன் டை ஆக்சைடு கடுமையாகக் குளிர்கிறது. ஜூலும் தாம்சனும் 1850-களில் ஆராய்ந்த விளைவு இது. தொடர்ந்து வெல்டிங் ஓடினால் ரெகுலேட்டரின் வாயில் உறைபனி கட்டி, ஓட்டம் அடைபட்டுத் திணறும். கேஜ் முள் அப்போதும் நிறைவாகத்தான் காட்டும். வெல்டிங்கில் பொத்தல் பொத்தலாக விழும். பழி வயர் மேலோ வெல்டர் மேலோ போகும். ரெகுலேட்டருக்கு ஒரு சிறிய மின்சார ஹீட்டர் மாட்டினால் தீரும் சிக்கலுக்கு வயரை மாற்றுவார்கள், ஆளைக்கூட மாற்றுவார்கள். ஆர்கான் கலந்த வாயுவைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆர்கான் ஆக்சிஜனின் இனம். அந்தக் கலவைச் சிலிண்டரில் முள் ஓரளவுக்கு உண்மையே சொல்லும். பட்டறை ஒன்றுதான், மெஷினும் ஒன்றுதான். வாயு மாறியதும் முள்ளைப் படிக்கும் முறையும் மாறியாக வேண்டும்.

ஆபரேஷன் தியேட்டரில் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரியும். மயக்க மருந்து மெஷினில் ஆக்சிஜனும் நைட்ரஸ் ஆக்சைடும் அருகருகே நிற்கின்றன, இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கேஜ். ஆக்சிஜன் முள் சீராக இறங்கிக்கொண்டே வரும். நைட்ரஸ் ஆக்சைடு முள் ஏசி அறையின் 20 டிகிரியில் ஏறத்தாழ 50 பாரில் அசையாமல் நிற்கும். திரவம் முழுவதும் ஆவியான பிறகுதான் இறங்கத் தொடங்கும். அது இறங்கத் தொடங்கும்போது சிலிண்டரில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். மயக்கவியல் படித்த டாக்டருக்கு இது பால பாடம். சிலிண்டரை மாற்றி மாட்டும் ஊழியருக்கு இதை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

வீட்டுச் சமையலறையில் இருக்கும் எல்பிஜி சிலிண்டரும் இதே இனத்தைச் சேர்ந்தது. அதன் கொள்ளளவு 33.3 லிட்டர், அடைப்பது 14.2 கிலோ. திரவமாக அது ஐந்தில் நான்கு பங்கு இடத்தைப் பிடிக்கும். மீதி ஒரு பங்கை வேண்டுமென்றே காலியாக விடுகிறார்கள். ஓட்டல், டீக்கடை, கல்யாண மண்டபச் சமையல்காரர்கள் அடிக்கடி ஒரு புகார் சொல்வார்கள்: சிலிண்டரில் கேஸ் இருக்கிறது, அடுப்பில் தீ ஏறவில்லை. திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். பெரிய அடுப்பு வேகமாக இழுக்கும்போது அந்த வெப்பத்தைத் திரவம் தன்னிடமிருந்தே எடுத்துக்கொண்டு குளிர்கிறது. குளிர்ந்தால் அழுத்தம் விழும், தீ சிறுக்கும். சிலிண்டரின் வெளிப்புறத்தில் வியர்வை கட்டி, திரவம் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதைக் கோடு போட்டுக் காட்டும். இதற்குச் சரியான வழி, இரண்டு மூன்று சிலிண்டர்களை மேனிஃபோல்டில் இணைத்துச் சுமையைப் பகிர்வது. ஆனால் பலர் கொதிநீரை ஊற்றுகிறார்கள், சிலிண்டரைப் படுக்கவைக்கிறார்கள், சிலர் கவிழ்க்கவே செய்கிறார்கள். கவிழ்த்தால் ரெகுலேட்டருக்குள் ஆவிக்குப் பதில் திரவம் புகும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் ஆவியாக விரியும். அடுப்பு தாங்கும் அளவு அது இல்லை. இதைவிடக் கொடியது, வீட்டுச் சிலிண்டரிலிருந்து சின்னச் சிலிண்டருக்குத் திருட்டுத்தனமாக மாற்றுவது. தராசு இல்லாமல் மாற்றுகிறவருக்கு அந்த ஐந்தில் ஒரு பங்கு காலியிடம் எதற்கு என்று தெரியாது. அதையும் திரவத்தால் நிரப்பிவிட்டால், வெயிலில் திரவம் விரிய இடமில்லாமல் உலோகத்தையே முட்டித் தள்ளும். அந்த நிலையில் வெப்பம் சில டிகிரி ஏறினாலே போதும்.

இங்கே ஒரு மறுப்பு வரும். வாயு விதி மூன்று நூற்றாண்டுகளாக நிற்கிறது, சில விதிவிலக்குகளைக் காட்டி அதைக் குறை சொல்லலாமா என்று கேட்பார்கள். விதியை நான் குறை சொல்லவில்லை. ஆக்சிஜன் சிலிண்டரின் 7 கன மீட்டர் கணக்கே அதைக் கொண்டு போட்டதுதான். ஆனால் விதிவிலக்கு எது என்பதைக் கடைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். நாட்டில் அதிகம் புழங்கும் சிலிண்டர் எல்பிஜி. தண்ணீர் சுத்திகரிக்கக் குளோரின், ஐஸ் ஃபாக்டரிக்கு அம்மோனியா, வெல்டிங்குக்குக் கார்பன் டை ஆக்சைடு, ஏசிக்கு ஃப்ரியான் வகைகள், எல்லாமே திரவமாக நிற்பவை. விதிக்கு ஒழுங்காகப் பணியும் ஆக்சிஜன், நைட்ரஜன், ஆர்கான் கூட்டம்தான் சிறியது. 1873-இல் வான் டெர் வால்ஸ் தன் ஆய்வேட்டில் செய்ததும் இதை ஒப்புக்கொள்வதே. மூலக்கூறுகளின் பருமனுக்கு ஓர் எண், அவை ஒன்றையொன்று இழுப்பதற்கு ஓர் எண் என்று வாயுவுக்கு வாயு தனி எண்களைச் சேர்த்தார். 1910-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒவ்வொரு வாயுவுக்கும் தனிக் குணம் உண்டு என்பதை இயற்பியல் அன்றே எழுதிவைத்துவிட்டது. தொழில்தான் இன்னும் ஒரே கேஜைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

தனிக் குணத்துக்கு அசெட்டிலினை மிஞ்ச எதுவும் இல்லை. தனியாக அழுத்தினால், சுமார் ஒன்றரை மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் போனாலே, காற்றே இல்லாமல் தானாகச் சிதைந்து வெடிக்கக்கூடிய வாயு அது. அதை அசிட்டோனில் கரைத்து, நுண்துளைகள் நிறைந்த பொருள் அடைத்த சிலிண்டருக்குள் வைக்கிறார்கள், சோடாவில் வாயுவைக் கரைத்து வைப்பது போல. இந்த முறையைக் கலங்கரை விளக்குகளுக்கு ஏற்ற அளவுக்குச் செம்மைப்படுத்திய ஸ்வீடன் பொறியாளர் குஸ்தாவ் டாலென், 1912-இல் அசெட்டிலின் சோதனை ஒன்றில் கண்பார்வையை இழந்தார். அதே ஆண்டில் இயற்பியல் நோபல் பரிசும் பெற்றார். நம் பட்டறைகளில் ஒரு காலத்தில் கார்பைடைத் தண்ணீரில் போட்டு வாயு எடுக்கும் ஜெனரேட்டர்கள் மூலைக்கு மூலை இருந்தன. பிறகு கரைத்த அசெட்டிலின் அடைத்த டிஏ சிலிண்டர் வந்தது, இன்று வெட்டும் வேலையில் பெரும்பகுதி எல்பிஜிக்கு மாறிவிட்டது. மாறும் ஒவ்வொரு கட்டத்திலும் பழைய வாயுவின் பழக்கம் புதிய வாயுவுக்குத் தொத்திக்கொண்டது. ஆக்சிஜன் சிலிண்டரைப் படுக்கப்போட்டுப் பயன்படுத்தினால் வாயுவுக்கு ஒன்றும் ஆகாது. டிஏ சிலிண்டரைப் படுக்கப்போட்டால் அசிட்டோன் வெளியே வந்துவிடும். சிலிண்டரில் அசிட்டோன் குறையக் குறைய அசெட்டிலினைக் கட்டிவைக்கும் காவல் குறைகிறது. குழாய்க்குச் செம்பு பொருத்தினால் செம்போடு சேர்ந்து தட்டினாலே வெடிக்கும் சேர்மம் உண்டாகும். இவற்றில் எதையும் முள் சொல்லாது.

ஆக்சிஜனே 2021 கோடையில் முள்ளை நம்பியவர்களைக் கைவிட்டது. அதுவரை ஆஸ்பத்திரிகள் கேட்ட கேள்வி, எத்தனை சிலிண்டர் இருக்கிறது என்பது. கொரோனா இரண்டாம் அலையில் கேள்வி மாறியது: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தர முடியும்? மூக்கு வழியாக அதிவேகத்தில் ஆக்சிஜன் தரும் கருவி ஒன்று நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை இழுக்கும். அந்தக் கணக்கில் 7,000 லிட்டர் சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. பத்துப் படுக்கைக்கு அது பன்னிரண்டு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். சிலிண்டரை உருட்டி உருட்டி மாட்டுகிற முறை இதற்கு ஈடுகொடுக்காது. திரவ ஆக்சிஜன்தான் வழி. மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் அந்தத் திரவத்தின் ஒரு லிட்டர், வாயுவாகச் சுமார் 860 லிட்டர் தரும். ரயில்வே டாங்கர்களை ஏற்றிக்கொண்டு ஆக்சிஜன் எக்ஸ்பிரஸ்களை ஓட்டியது. விமானப்படை காலி டாங்கர்களைத் திரும்ப எடுத்துச்சென்றது. நிறைந்த டாங்கரை விமானத்தில் ஏற்றாததற்குக் காரணம் அந்தத் திரவத்தின் குணம்தான். அது ஓயாமல் ஆவியாகிக்கொண்டிருக்கும், ஆவியை வெளியே விட்டாக வேண்டும். மூடிய விமானத்துக்குள் ஆக்சிஜன் செறிந்தால் ஒரு பொறி போதும். 1967 ஜனவரியில் அப்போலோ 1 விண்கலத்தில், தரைச் சோதனையின்போது, தூய ஆக்சிஜன் நிரப்பிய அறைக்குள் மூன்று வீரர்கள் தீயில் இறந்ததை உலகம் பார்த்திருக்கிறது.

அந்த மாதங்களில் பல இடங்களில் டாங்க் நிறைய திரவம் இருந்தும் வார்டில் அழுத்தம் விழுந்தது. திரவத்தை வாயுவாக்கும் வேப்பரைசர், சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தைக் கொண்டு வேலை செய்வது. அளவுக்கு மீறி இழுத்தால் அதன் அலுமினிய இறகுகளில் பனி கனமாக அப்பிக்கொள்ளும். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அது இன்னும் வேகம். பனி மூடிய இறகு காற்றிடமிருந்து வெப்பத்தை வாங்காது. டாங்கின் கேஜ் சரி, திரவ மட்டம் சரி, நோயாளிக்குப் போகும் ஓட்டம் மட்டும் குறையும். இரண்டு வேப்பரைசர்களை மாற்றி மாற்றி ஓட்டி, ஓய்வில் இருப்பதில் பனியைக் கரையவிடுவதே தீர்வு. 2021 ஏப்ரல் 21 அன்று நாசிக்கில் ஒரு மருத்துவமனையின் திரவ ஆக்சிஜன் டாங்கில் கசிவு ஏற்பட்டு, குழாயில் அழுத்தம் விழுந்து, இருபதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். திரவ டாங்க் என்பது பெரிய சிலிண்டர் கிடையாது. அதைப் பார்த்துக்கொள்ளத் தனிப் பயிற்சி வேண்டும். அலைக்குப் பிறகு ஊர் ஊராக வந்த, காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் பிஎஸ்ஏ பிளான்ட்டுகளுக்கும் இது பொருந்தும். ஜியோலைட் மணிகள் நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு ஏறத்தாழ 93 சதவீத ஆக்சிஜனை வெளியே விடுகின்றன. கம்ப்ரசரிலிருந்து ஈரமும் எண்ணெயும் மணிகளுக்குள் போய்விட்டால் தூய்மை சரியும், கேஜோ அதே அழுத்தத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். அங்கே அனலைசரைத்தான் பார்க்க வேண்டும்.

வாயு சிலிண்டரை விட்டு வெளியேறிய பிறகு கேஜுக்கு வேலையே இல்லை. அப்போது எடைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். எல்பிஜியும் கனம், தரையோடு ஊர்ந்து சாக்கடைக்குள் இறங்கும். இயற்கை எரிவாயு லேசு, கூரைக்குப் போகும். இன்று தமிழ்நாட்டு நகரங்களில் குழாய் வழி எரிவாயு வீடுகளுக்கு வருகிறது. எல்பிஜிக்குத் தரை மட்டத்தில் காற்றோட்டம் வைத்துப் பழகிய வீட்டில், இனி உச்சியில் திறப்பு வேண்டும். அம்மோனியா பள்ளிக் கணக்குப்படி காற்றைவிட லேசு. ஆனால் திரவமாகக் கசியும்போது குளிர்ந்து, பனித்துளிகளோடு கலந்து, தரையை ஒட்டியே படரக்கூடும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் அருகே கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். கண்ணுக்கும் தொண்டைக்கும் எரிச்சல் கொடுத்து எழுப்பிவிட்ட வாயு அது. தண்ணீரில் நனைத்த துணியால் மூக்கை மூடிக்கொண்டு, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக நகர வேண்டும் என்பதைக் கரையோரப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அரைமணி நேரம் போதும்.

குளோரின் டன்னரை அருகில் நின்று பார்த்தால் இந்தத் தொழிலின் அறிவு முழுவதும் அதில் தெரியும். 900 கிலோ கொள்ளும் உருளை, படுக்கை வாக்கில் கிடக்கும். ஒரு முகப்பில் இரண்டு வால்வுகள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும்படி உருட்டி வைத்தால் மேல் வால்வு ஆவியைத் தரும், கீழ் வால்வு திரவத்தைத் தரும். கீழே கசிகிறதென்றால் உருட்டிக் கசியும் இடத்தை மேலே கொண்டுவர வேண்டும். திரவமாகப் போனால் அது பல நூறு மடங்கு ஆவியாக விரியும். ஆவியாகப் போனால் சேதம் அதில் மிகச் சிறு பங்கு. உருட்டுவது ஒன்றுதான் வேலை, கருவி எதுவும் வேண்டாம். பதற்றத்தில் எல்லோரும் செய்வது, கசியும் இடத்தில் தண்ணீரைப் பீய்ச்சுவது. தண்ணீர் உள்ளிருக்கும் குளிர்ந்த திரவத்துக்கு வெப்பம் கொடுக்கும், குளோரினோடு சேர்ந்து அமிலமாகி ஓட்டையைப் பெரிதாக்கும். அம்மோனியா ஆவிக்குத் தண்ணீர்த் திரை மருந்து, குளோரின் டன்னருக்கு அதே தண்ணீர் நஞ்சு. இரண்டையும் ‘கேஸ் லீக்’ என்று ஒரே பெயரில் எழுதி ஒரே பயிற்சி கொடுக்கும் இடத்தில் உயிர் போவதில் வியப்பில்லை.

எரிச்சலே தராத வாயுக்கள் இவற்றைவிடக் கொடியவை. நைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் உடல் மூச்சுமுட்டலை உணர்வது கார்பன் டை ஆக்சைடு கூடுவதால்தானே தவிர, ஆக்சிஜன் குறைவதால் கிடையாது. காற்றிலுள்ள 20.9 சதவீத ஆக்சிஜன் ஐந்தாறு சதவீதத்துக்கு இறங்கிய இடத்தில், எச்சரிக்கை எதுவும் இல்லாமல் இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். 1981 மார்ச்சில் கென்னடி விண்வெளி மையத்தில், கொலம்பியா விண்கலத்தின் பின்பகுதிக்குள் நைட்ரஜன் நிரம்பியிருந்தது தெரியாமல் நுழைந்த தொழில்நுட்பப் பணியாளர்களில் சிலர் உயிரிழந்தார்கள். உலகிலேயே வாயுவை அதிகம் அறிந்தவர்கள் இருந்த இடம் அது. நம் ஊரில் மலக்குழிக்குள் இறங்கும் தொழிலாளிக்கு எதிரி ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போக வைக்கும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைப்பதே மரணத்துக்கு வழி. முதல் ஆள் விழுந்ததைப் பார்த்துக் காப்பாற்ற இறங்கும் இரண்டாம் ஆளும் மூன்றாம் ஆளும் அங்கேயே விழுகிறார்கள். பாதுகாப்பு இல்லாமல் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டம் காகிதத்தில் நிற்கும் ஒவ்வொரு ஊரும் வெட்கப்பட வேண்டும்.

இவ்வளவுக்கும் சென்சர் வைத்தால் போதாதா என்று பொறியாளர்கள் கேட்பார்கள். சென்சர் கட்டாயம் வேண்டும். ஆனால் சென்சரும் இன்னொரு முள்தான், வாயுவின் குணம் தெரிந்தவர் கையில்தான் அது பேசும். எல்பிஜிக்கான சென்சரைக் கூரையில் மாட்டினால் கசிவு காலடியில் சேர்ந்த பிறகும் அது மௌனமாக இருக்கும். எரிவாயுவை மணி வடிவச் சூடான வினையூக்கியில் எரித்து அளக்கும் சென்சருக்கு ஆக்சிஜன் வேண்டும். நைட்ரஜன் நிரப்பிய டாங்குக்குள் அதை விட்டால் எரிவாயு நிறைந்திருந்தாலும் பூஜ்யம் அருகே காட்டும். அதனால்தான் முதலில் ஆக்சிஜன், பிறகு எரிவாயு, பிறகு நச்சு வாயு என்று வரிசை வைத்து அளக்கச் சொல்கிறோம். வரிசைக்குக் காரணம் தெரியாதவர் அவசரத்தில் வரிசையை விட்டுவிடுவார்.

சட்டம் இருக்கிறது, நிறக் குறியீடு இருக்கிறது என்பது அடுத்த மறுப்பு. இரண்டும் உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. எரியும் வாயுவுக்கு இடப்புரித் திருகு வைத்திருப்பதால் ஆக்சிஜன் ரெகுலேட்டரை அசெட்டிலினில் மாட்ட முடியாது. எல்பிஜி சிலிண்டரின் கைப்பிடியில் இருக்கும் ஏ, பி, சி, டி எழுத்தும் ஆண்டும் அடுத்த சோதனை எந்தக் காலாண்டில் என்று சொல்கின்றன. ஆனால் நிறமும் திருகுப்புரியும் இது எந்த வாயு என்பதோடு நின்றுவிடும். அது எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லாது. ஆக்சிஜன் வால்வைச் சட்டென்று திறந்தால், ரெகுலேட்டருக்குள் வாயு ஒரே நொடியில் அழுந்திச் சூடேறி, உள்ளேயிருக்கும் சீட்டையோ எண்ணெய்க் கறையையோ பற்றவைக்கலாம். மெதுவாகத் திற என்று பலகை சொல்லும். காரணம் சொன்னால்தான் ஆள் மெதுவாகத் திறப்பார்.

தொழிலாளிக்கு இயற்பியல் ஏறாது என்ற கடைசி மறுப்பை நான் கொஞ்சமும் ஏற்கவில்லை. வியர்வைக் கோட்டைப் பார்த்துச் சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் டீ மாஸ்டர், ரெகுலேட்டரின் உறைபனியைத் தொட்டுப் பார்த்து ஓட்டத்தை மதிப்பிடும் வெல்டர், டன்னரை எந்தப் பக்கம் உருட்ட வேண்டும் என்று அறிந்த தண்ணீர்த் தொட்டி ஊழியர், எல்லோரும் ஆண்ட்ரூஸும் ஜூலும் எழுதியதைக் கையால் அறிந்தவர்கள். அவர்களுக்குக் கிடைக்காதது அந்த அறிவுக்கான காரணமும் எல்லையும்தான். ஒவ்வொரு வாயுவுக்கும் நான்கு கேள்விகள் போதும். உள்ளே வாயுவாக இருக்கிறதா, திரவமாகவா, கரைசலாகவா? எவ்வளவு இருக்கிறது என்பதை முள்ளைப் பார்த்துச் சொல்வதா, தராசில் வைத்துச் சொல்வதா? வெளியே வந்தால் மேலே போகுமா, கீழே படியுமா? மூக்கு எச்சரிக்குமா, எச்சரிக்காதா? இந்த நான்குக்கும் விடையைத் தமிழில் எழுதி, சிலிண்டர் நிற்கும் இடத்தில், சிலிண்டரின் உயரத்தில் ஒட்டினால் ஆகும் செலவு ஒன்றுமில்லை. ஐடிஐயில் வெல்டிங் பாடத்தின் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக்கொடுக்கலாம்.

இதில் அவசரம் இருக்கிறது, ஏனென்றால் புதிய வாயுக்கள் தெருவுக்கு வந்துகொண்டிருக்கின்றன. சிஎன்ஜி ஆட்டோவில் 200 பாருக்கு வேகமாக அடைக்கும்போது டாங்க் சூடாகும். சூட்டில் முள் 200-ஐத் தொட்டுவிடும், ஆறிய பிறகு கீழே நிற்கும். ஓட்டுநர் பங்க்காரரைச் சந்தேகிப்பார், காரணம் வெப்பம். தூத்துக்குடியில் பசுமை ஹைட்ரஜன் திட்டங்கள் வருகின்றன. ஹைட்ரஜன் நாம் பழகிய எல்லா வாயுவுக்கும் எதிராக நடப்பது. மற்றவை விரியும்போது குளிர்ந்தால், சாதாரண வெப்பத்தில் இது சூடாகும். அதன் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் பற்றும். சில வகை எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்கும். எல்பிஜியின் பழக்கத்தோடோ ஆக்சிஜனின் நம்பிக்கையோடோ அதைத் தொடக் கூடாது. ஆலைக்கான உரிமத்தில் இயந்திரங்களின் பட்டியல் எவ்வளவு விரிவாக இருக்கிறதோ, அதே அளவுக்கு வால்வைத் திறக்கும் ஆளின் பயிற்சியும் நிபந்தனையாக இருக்க வேண்டும். அந்த ஆளிடம் நான்கு கேள்விகளுக்கும் விடை இருக்கிறதா என்று அதிகாரி நேரில் நின்று கேட்ட பிறகே முதல் சிலிண்டரை உள்ளே விட வேண்டும்.